அரை எஞ்சின் விளக்கு

அண்ணையின் கராஜில் பழுதுக் கோட் வாசிக்கிற கருவி லாச்சிக்குள்தான் கிடக்கும். காரைக் கொண்டுபோய் நிறுத்தியவுடன் அதை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிடுவார் என்று நம்பி வருகிறவர்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சல் வரும். அவர் முதலில் காட்டுவது ஒரு பழைய கதிரையை. இருத்திவைத்துவிட்டு, "சொல்லும் தம்பி, எப்ப விழுந்தது?" என்று தொடங்குவார். விழுந்தது என்று அவர் கேட்பது காரின் இழுவையை. எந்த கியரில்? எஞ்சின் சூடேறியிருந்ததா, அப்போதுதான் ஸ்டார்ட் பண்ணியதா? தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது, அதை எங்கே அடித்தது? மழையா? அக்சிலேற்றரை மெல்ல அமத்தியபோதா, ஒரேயடியாக மிதித்தபோதா? விழுந்த இழுவை தானாகத் திரும்பி வந்ததா, சாவியை நிற்பாட்டிப் போட்ட பிறகா? எல்லாம் கேட்டு முடிந்தபின், வைத்தியர் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதுபோல, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி: "இதுக்கு முதல் ஆரும் கை வைச்சவையோ?"

என்னுடைய காரில் அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் நீளமாக இருந்தது.

அது 2008 ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 335ஐ, இரண்டு கதவுக் கூபே, கையால் மாற்றும் ஆறு கியர். 2014 இல் நான் வாங்கும்போது அதற்குப் பல கைகள் பட்டிருந்தன. முன்னுக்கு இருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தொழிற்சாலை வைத்ததைவிடப் பெரியது. அதிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய்க்குப் பதிலாக அலுமினியக் குழாய். காற்று வடிகட்டிகள் திறந்தவை. மிதித்தால் பாம்பு சீறுகிற சத்தம் உள்ளே கேட்கும், அந்தச் சத்தத்துக்காகவே வைக்கப்பட்டவை. டாஷ்போர்ட்டில் ஒரு பூஸ்ட் மீட்டர். எஞ்சின் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில், சிகரெட் பெட்டி அளவில், வயர்கள் தொங்க ஒரு கறுப்புப் பெட்டி. விற்ற பெடியன் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் கதைத்தான். அதன் அமைப்பு எண்ணை மாற்றினால் எத்தனை குதிரைச்சக்தி கூடும் என்று சொன்னான். தொழிற்சாலை கொடுத்த 300 குதிரைச்சக்தி அவனுக்கு ஒரு தொடக்கம் மட்டுமே.

இந்த எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. என்54 என்பது அதன் பெயர். மூன்று லீற்றர், வரிசையாக ஆறு சிலிண்டர், முன் மூன்றுக்கு ஒரு டேர்போ, பின் மூன்றுக்கு ஒரு டேர்போ. 2006 இல் வெளிவந்தது. 2007 இலும் 2008 இலும் உலகின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருதைப் பெற்றது. டேர்போவில், புகைபோக்கிக்குப் போகிற சூட்டுக் காற்றிலே சுழல்கிற சின்னச் சக்கரம், மறுபக்கத்தில் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். வளிமண்டலம் நம்மீது சும்மா அழுத்துவது 14.7 பி.எஸ்.ஐ. தொழிற்சாலைக் கணக்கில் இந்த எஞ்சினுக்கு அதற்கு மேல் ஏறத்தாழ 8 பி.எஸ்.ஐ. கிடைக்கும், அதாவது அரைப்பங்குக் காற்று மேலதிகம். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட்டலாம், இழுவையும் கூடும். அழுத்தத்தை 14, 15 என்று ஏற்றினாலும் இந்த எஞ்சின் உடனே உடைந்துபோகாது. அந்தத் தாங்கும் சக்திதான் அதற்குப் புகழையும் தேடிக்கொடுத்தது, பெடியங்களின் கையிலும் மாட்டிவைத்தது.

இழுவை விழுவது எப்படியிருக்கும் என்று கேட்டால், சத்தமே இராது என்பதுதான் முதற் பதில். கனடாவின் ஒன்ராறியோவில், மோர்னிங்சைட் வீதியிலிருந்து 401 நெடுஞ்சாலைக்கு ஏறுகிற வளைவு. பக்கத்துத் தடத்தில் பதினெட்டுச் சில்லு லொறி வருகிறது. அதற்கு முன்னால் புகுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு மிதிக்கிறேன். முதுகு கதிரையில் அழுந்துகிறது. மறுகணம் அந்த அழுத்தம் இல்லை. எஞ்சின் ஓடுகிறது, சுற்று ஏறுகிறது, ஆனால் காலுக்குக் கீழே பெடலுக்கும் காருக்கும் உறவே அறுந்துவிட்டது போலிருக்கிறது. மீட்டர் பலகையில் பாதி நிறைந்த மஞ்சள் எஞ்சின் படம். எஞ்சின் பழுது, சக்தி குறைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே கடந்துபோனான். அடுத்த வெளியேற்றத்தில் இறங்கி, நிறுத்தி, சாவியை எடுத்துத் திரும்பப் போட்டேன். படம் போய்விட்டது. கார் ஒன்றும் நடக்காததுபோல் பறந்தது.

இந்தக் கடைசி விடயம்தான் ஆபத்தானது. நிற்பாட்டிப் போட்டால் சரியாகிவிடுகிற பழுதோடு மனிதர்கள் வருடக்கணக்கில் சீவிப்பார்கள். சிலர் ஒரு படி மேலே போய், கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, விளக்கு எரியும்போதெல்லாம் கோட்டை அழித்துவிடுவார்கள். கோட் பதியும்போது கொம்பியூட்டர் அந்த நொடியின் நிலவரத்தையும் எழுதிவைக்கும்: எஞ்சின் சுற்று, வெப்பம், வேகம், எவ்வளவு பாரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். களவு நடந்த வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டுப் பொலிஸைக் கூப்பிடுகிறவர்களை என்ன செய்வது என்று அண்ணை தலையில் கைவைப்பார்.

அவரிடம் போவதற்கு முன் நான் வேறொரு இடத்துக்குப் போயிருந்தேன். பளபளவென்ற தரை, கோப்பி மெசின், கண்ணாடிச் சுவர். கருவியைச் செருகினார்கள், ஐந்து நிமிடத்தில் தாள் வந்தது. 30எஃப்எஃப் என்று ஒரு கோட்: டேர்போ அழுத்தம் போதவில்லை. மூன்றாம் சிலிண்டர் பற்றவில்லை என்று இன்னொன்று. இரண்டு டேர்போவும் மாற்ற வேண்டும், ஐயாயிரம் டொலருக்கு மேல் போகும் என்றார்கள். காரின் விலையில் மூன்றிலொரு பங்கு. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நண்பர்களைக் கேட்டால் எல்லாரும் பெற்றோல் பம்பு என்றார்கள். அதற்கும் காரணம் இருந்தது. இந்த எஞ்சினில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. அந்த உயரழுத்தப் பம்புகள் பழுதாகின்றன என்று 2010 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் கார்கள்வரை திருப்பி அழைக்கப்பட்டன. அதிலிருந்து யார் காரில் என்ன பழுதென்றாலும் முதற்பழி பம்புக்கு.

அண்ணை தாளை வாங்கிப் பார்த்தார். மடித்து என்னிடமே தந்தார்.

"அழுத்தம் காணாது எண்டு சொல்லுது. சரி. ஏன் காணாது எண்டு எங்கை சொல்லியிருக்கு?"

தாளில் அது இல்லைதான். கொம்பியூட்டருக்குத் தெரிந்தது இவ்வளவே: இத்தனை அழுத்தம் வேண்டுமென்று கேட்டேன், காற்றுக்குழாயில் இருக்கும் சென்சர் அதைவிடக் குறைவாகச் சொல்கிறது, இந்த வித்தியாசம் இத்தனை நேரம் நீடித்தது, ஆகவே எழுதிவைத்தேன். குழாய் வெடித்திருக்கலாம். கிளிப் தளர்ந்திருக்கலாம். டேர்போவின் சக்கரம் தேய்ந்திருக்கலாம். சென்சரே தவறாகச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் அதே 30எஃப்எஃப்தான். டேர்போ என்ற சொல் கோட்டில் வந்துவிட்டதால் டேர்போவை மாற்றுவது, முறைப்பாடு கொடுத்தவனையே மறியலில் போடுகிற வேலை.

அவர் எஞ்சின் மூடியைத் திறந்து, எதையும் தொடாமல், கைவிளக்கோடு சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கறுப்புப் பெட்டியைக் கண்டதும் விளக்கு நின்றது.

"உது ஆற்றை ஆள்?"

நான் விளக்கினேன். அந்தப் பெட்டியின் வேலை உண்மையில் ஒன்றேதான்: பொய் சொல்வது. அழுத்த சென்சருக்கும் எஞ்சின் கொம்பியூட்டருக்கும் இடையில் அது குந்திக்கொண்டிருக்கும். சென்சர் 14 பி.எஸ்.ஐ. என்று சொன்னால், அதை 8 என்று மாற்றிக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும். கொம்பியூட்டர் 8தானே, நான் கேட்டதுதானே என்று திருப்தியாக இருக்கும். எஞ்சின் உள்ளே கேட்டதைவிடக் கூடிய அழுத்தத்தில் வேலை செய்யும். இப்படி இடையில் நின்று ஏமாற்றுகிற பெட்டிகள் உலகம் முழுவதும் விற்கின்றன. கொம்பியூட்டரின் நிரலையே திருத்தி எழுதும் முறையும் உண்டு. அதில் குறைந்தபட்சம் கொம்பியூட்டருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இந்தக் கொம்பியூட்டர் சொல்லுறது, பொய்யைக் கேட்டுப்போட்டுச் சொல்லுற கதை. முதல்லை உவரைக் கழட்டும்," என்றார்.

இப்படிக் கருவிக்கு முன் காதை நம்புகிற பழக்கம் அவருக்குப் பழையது. அவர் யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியது காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியோரம் இருந்த ஒரு கராஜில். 1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதுக்குக் கிட்ட. மின்சாரம் நின்றது. பெற்றோல் வடக்குக்கு வருவது தடைப்பட்டது. ஊரில் ஓடிக்கொண்டிருந்தவை ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போட் என்று பிரித்தானியக் கிழடுகள். அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இது இப்போது ஒரு வீரக்கதைபோல் சொல்லப்படுகிறது. அண்ணை சொல்லும்போது வெறும் தொழிற்கணக்காக இருக்கும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஒரு சின்னப் போத்தலில் தங்கம்போல் பொத்திவைத்த பெற்றோலைச் சொட்டுச்சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்கொடுக்க வேண்டும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சந்தியில் நிற்பாட்டினால் திரும்பவும் போத்தல். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகும். பிளக் கரிபிடிக்கும். பின்னால் போகிற சைக்கிள்காரனுக்குக் கண் எரியும்.

எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல் தட்டல். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவு. பொறி மூட்டிய தீ வந்து சேருமுன் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடும். பாரம் ஏற்றி, மணலில் இழுக்கும்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது கேட்கும். அதைக் கேட்டு, டிஸ்ரிபியூட்டரைக் கையால் மயிரிழை திருப்பி, பொறி விழும் நேரத்தைப் பிந்தவைக்க வேண்டும். கூடத் திருப்பினால் இழுவை போகும். காணாமல் திருப்பினால் பிஸ்டன் போகும். அந்தக் கார்களின் அமுக்க விகிதம் 7க்கு 1 அளவில் இருந்ததால்தான் இந்த விளையாட்டே சாத்தியமாயிற்று. என்னுடைய எஞ்சினில் அது 10.2, அதற்கு மேல் டேர்போ வேறு. மண்ணெண்ணெய் என்ன, ஒக்டேன் சற்றுக் குறைந்த பெற்றோலை ஊற்றினாலே தட்டத் தொடங்கும். ஆனால் அதற்குச் சொந்தக் காது உண்டு. சிலிண்டர்ப் பாளத்தில் திருகிவைத்த இரண்டு தட்டல் சென்சர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்கும். கேட்டதும் கொம்பியூட்டர் பொறியைப் பிந்தவைக்கும். அண்ணை கே.கே.எஸ். வீதியில் குனிந்து நின்று கையால் செய்த அதே வேலை. இதை நான் சொன்னபோது அவர் அவ்வளவு வியக்கவில்லை. "அப்ப அதுக்குக் கேக்கிறதை எங்களுக்கும் காட்டச் சொல்லும்," என்றார்.

பெட்டியைக் கழற்றி, வயர்களைத் தொழிற்சாலை முறைப்படி பூட்டினோம். அண்ணை அப்போதுதான் லாச்சியைத் திறந்தார். கருவியில் எல்லாவற்றையும் வாசித்து, ஒரு சி.ஆர். கொப்பியில் பேனாவால் எழுதினார். எழுதிய பிறகு அழித்தார். "இனி ஓட்டிக்கொண்டு திரியும். வேலைக்குப் போம், வாரும். விழுந்தால் நிற்பாட்டிப் போடாமல் நேரை இஞ்சை வாரும்."

பெட்டி இல்லாமல் கார் மந்தமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். 300 குதிரைச்சக்தியுள்ள மந்தம். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மூன்றாம் சிலிண்டர் பற்றவில்லை என்ற கோட் திரும்பி வரவேயில்லை. அழுத்தம் காணாது என்ற கோட் வந்தது. முந்தியைவிட அரிதாக, எஞ்சின் நன்றாகச் சூடேறி, நீண்ட ஓட்டத்துக்குப் பின் மட்டும். ஒன்றாகத் தோன்றியது இரண்டு பழுது.

பற்றாமற் போனதற்குக் காரணம் விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. பிளக்கின் இரு முனைகளுக்கிடையே பொறி தாவ வேண்டும். காற்று நெருக்கமாக அமுக்கப்பட்டிருந்தால் தாவுவது கடினம். தேய்ந்த பிளக்கில் அந்த இடைவெளி அகன்றிருக்கும், 8 பி.எஸ்.ஐ.யில் தாவுகிற பொறி 14 இல் அணைந்துபோகும். கழற்றிப் பார்த்தால் பிளக்குகள் வெளிறி, முனை தேய்ந்து இருந்தன. புதிதாகப் போட்டோம். அழுத்தம் கூட்டி ஓட்டுகிறவர்கள் இடைவெளியை 0.55 மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுக்கிவைப்பார்கள், அதையே வைத்தோம். அந்த அத்தியாயம் அத்தோடு சரி.

மிஞ்சியது அழுத்தம். இங்கேதான் அண்ணை எனக்குக் கற்றுத்தந்த ஒரு கேள்வி வருகிறது. இன்றைக்கு எந்த டேர்போ கார் இழுக்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்: கொம்பியூட்டருக்கு அழுத்தம் கொடுக்க ஏலாமல் இருக்கிறதா, கொடுக்க மனமில்லாமல் இருக்கிறதா? இரண்டிலும் ஓட்டுகிறவனுக்குத் தெரிவது ஒன்றேதான், இழுவை இல்லை. ஆனால் காரணங்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கும். தட்டல் கேட்டதால், அல்லது பெற்றோல் அழுத்தம் குறைந்ததால், அல்லது சூடு மிஞ்சியதால் கொம்பியூட்டர் வேண்டுமென்றே டேர்போவை அடக்கியிருக்கலாம். அப்படியென்றால் காற்றுக்குழாயில் ஒழுக்குத் தேடுவது வீண்வேலை.

இதைப் பிரித்தறிய வேஸ்ட்கேட்டைப் பார்க்க வேண்டும். புகைக் காற்று முழுவதும் டேர்போச் சக்கரத்துக்குப் போகாமல், வேண்டியதை மட்டும் விட்டு மிச்சத்தைப் பக்கவழியால் அனுப்புகிற சின்னக் கதவு அது. என்54 இல் இந்தக் கதவை மூடுவது வெற்றிடம். எஞ்சினே சுழற்றும் ஒரு பம்பு காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் மெல்லிய இறப்பர்க் குழாய்கள் வழியாக, இரண்டு சொலனோயிட் வால்வுகளைத் தாண்டி, ஒவ்வொரு டேர்போவிலும் உள்ள ஒரு கிண்ணத்துக்குப் போய்க் கம்பியை இழுத்துக் கதவை மூடும். உறிஞ்சல் இல்லையென்றால் கதவு திறந்தே கிடக்கும். டேர்போ சும்மா சுழலும். கொம்பியூட்டர் சொலனோயிட்டுக்கு எவ்வளவு கட்டளை கொடுக்கிறது என்பதைச் சதவீதமாக வாசிக்கலாம். கட்டளை கொஞ்சம், அழுத்தமும் கொஞ்சம் என்றால் அதற்கு மனமில்லை. கட்டளை உச்சியில் நிற்க, அழுத்தம் ஏறவில்லை என்றால் அதனால் ஏலவில்லை.

அண்ணை ஓட்ட, நான் மடிக்கணினியோடு பக்கத்தில். மூன்றாம் கியர், 2000 சுற்றிலிருந்து 4000 வரை முழுமிதி. மூன்றாம் கியர் ஏனென்றால் முதலிரண்டும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், வாசிக்க நேரமிராது. 4000 இல் வேகம் நூறைத் தொடும். அப்போது 401 இன் எல்லை அது, அதற்கு மேல் அவர் விடமாட்டார். ஒன்ராறியோவில் எல்லையைவிட 50 கூடப் போனால் காரை அந்த இடத்திலேயே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து கோடுகளை வரைந்து பார்த்தால், கேட்ட அழுத்தம் 8, கிடைத்தது 6க்குச் சற்று மேல், கட்டளை உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. தட்டலால் பொறி பிந்தவேயில்லை. பெற்றோல் அழுத்தம் நேர்கோடு. பம்பு மீதான பழி நீங்கியது. ஏலாமைதான்.

அடுத்தது புகை. கடையில் விற்கும் புகை இயந்திரம் அண்ணையிடம் இல்லை. பெயின்ற் தகரம் ஒன்றின் மூடியில் டீசல் எஞ்சினின் குளோ பிளக் ஒன்றைப் பூட்டி, உள்ளே குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயை ஊற்றி, பற்றறியை இணைத்து, மெல்லக் காற்றை அடித்தார். வெள்ளைப் புகை திரண்டு காற்றுக்குழாய்க்குள் போனது. எஞ்சின் முழுவதும் குழந்தை மணம். காத்திருந்தோம். இன்டர்கூலருக்குக் கீழே, சிலிக்கோன் மூட்டு ஒன்றின் ஓரத்தால் புகை நூல்போல் எழும்பியது. பெரிய இன்டர்கூலர் பூட்டியவர்கள் கிளிப்பைக் குழாயின் விளிம்பு மேட்டுக்கு மேலேயே இறுக்கியிருந்தார்கள். மேட்டுக்கு உள்ளே இறுக்க வேண்டும். நகர்த்தி இறுக்கினோம். எனக்குக் கைகுலுக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணை திரும்பவும் கோடு வரையச் சொன்னார். அழுத்தம் ஏறியிருந்தது, கார் வடிவாக இழுத்தது, விளக்கில்லை. ஆனால் கட்டளை இன்னும் உச்சிக்குக் கிட்டவே நின்றது.

"இப்ப ஓடும். ஆனா மூச்சு வாங்கி ஓடுது," என்றார். பெரும்பாலான கராஜ்கள் இந்த இடத்தில் பில் எழுதிவிடும். கோட் இல்லை, வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி, வேறென்ன வேண்டும்? அந்தக் கோடுகளை வரைந்து பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அன்றே காசைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

கோடையின் முதல் வெக்கையில், வார இறுதி நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தபின், விளக்கு மறுபடி எரிந்தது. அதே கோட். நிற்பாட்டாமல் நேரே போனேன். எஞ்சின் கொதிக்கக் கொதிக்கக் காரைத் தூக்கினார். கையால் இழுக்கிற வெற்றிடப் பம்பு ஒன்றை முன் டேர்போவின் குழாயில் பூட்டி உறிஞ்சினார். முள் ஏறி அசையாமல் நின்றது; கம்பி இழுபட்டுக் கதவு மூடியது. பின் டேர்போவில் பூட்டினார். முள் ஏறியது, பிறகு சொகுசாக இறங்கத் தொடங்கியது.

அந்தப் பின் டேர்போ இருக்கும் இடம் மனிதர் கை போகிற இடமில்லை. எஞ்சினின் வலப்பக்கம், தீத்தடுப்புச் சுவரோடு ஒட்டி, புகைக்குழாய்ச் சூட்டின் நடுவில். கிண்ணத்தின் முனையில் மாட்டியிருந்த இறப்பர்க் குழாயை வெட்டி வெளியே எடுத்தபோது அது கறிவேப்பிலைக் காம்புபோல் விறைத்திருந்தது. நுனியில் ஒரு வெடிப்பு, நகக்கீறல் நீளம். குளிர்ந்திருக்கும்போது வாய் மூடிப் பிடித்திருக்கும், சூட்டில் விரியும். பெட்டி இருந்த காலத்தில் கொம்பியூட்டருக்குப் பொய் போனதால் கதவு இன்னும் இறுக்கி மூடப்பட்டது, டேர்போ இன்னும் கூடச் சுழன்றது, அந்த மூலை இன்னும் கூடக் கொதித்தது. ஏழு வருடத்தில் காய வேண்டிய குழாய் அதைவிடக் கெதியில் காய்ந்திருக்கலாம். இது என் ஊகம். அண்ணை இதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வெற்றிடக் குழாய்கள் அத்தனையையும் சிலிக்கோனில் மாற்றினார். இரண்டு சொலனோயிட்டையும் கழற்றிச் சோதித்து, நல்லவை என்று திரும்பப் பூட்டினார். நல்ல சாமானைத் தூக்கி எறியக் கூடாது என்பதில் அவருக்குக் கே.கே.எஸ். வீதிக் காலத்துப் பிடிவாதம்.

மறுபடி கோடுகள். கேட்டது 8, கிடைத்தது 8, கட்டளை நடுவில் நிதானமாக நின்றது.

ஆனாலும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கீழேயிருந்து ஒரு தகரச் சலசலப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. வேஸ்ட்கேட் கதவின் அச்சு தேய்ந்து ஆடுகிற சத்தம் அது. இந்த எஞ்சின்காரர்கள் எல்லாருக்கும் பழக்கமான ஒன்று. அதற்கு மருந்து டேர்போ மாற்றுவதுதான். அப்படியென்றால் கண்ணாடிச் சுவர்க் கடைக்காரர் சொன்னது சரிதானா என்று கேட்டேன். "அவன் சொன்னது பொய்யில்லைத் தம்பி. எப்பவோ ஒருநாள் மாத்தத்தான் வேணும். அண்டைக்கு விழுந்ததுக்கு அதில்லைக் காரணம். அவன் மாத்தியிருந்தால் அதோடை குழாயும் புதுசாப் போயிருக்கும், காரும் ஓடியிருக்கும், எல்லாரும் டேர்போவாலை எண்டு நம்பியிருப்பினம்." இவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல்.

பெட்டியைத் திரும்பப் பூட்டுவதா என்பதில் எங்களுக்குள் உடன்பாடில்லை. குறைந்த எண்ணில், 94 ஒக்டேன் பெற்றோலில், புதுப் பிளக்கோடு அது எந்தக் கேடும் செய்யாது என்பது என் கட்சி. தட்டல் கோடுகளை மாதத்துக்கொருமுறை வாசித்துக்கொண்டு அப்படியே ஓட்டினேன். கோடு ஒருமுறையும் துள்ளவில்லை. அண்ணை தடுக்கவில்லை. ஆனால் கார் அவருடைய கராஜுக்குள் வரும்போது மட்டும், ஒயில் மாற்றத்தான் வந்தாலும், பெட்டியைக் கழற்றி ஆசனத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

2019 இல் காரை விற்றேன். வாங்க வந்தவன் எங்கள் பக்கத்துப் பெடியன்தான், இங்கே பிறந்தவன், தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அண்ணையின் கொப்பியிலிருந்து எடுத்த பிரதிகளைக் கொடுத்தேன்: எப்போது எந்தக் கோட், எந்த வெப்பத்தில், எந்தக் குழாய் எந்த மாதம் மாற்றியது, தேய்ந்த அச்சு எது, இனி எதற்குக் காசு சேர்க்க வேண்டும். பெட்டியைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பெடியன் தாள்களைத் தகப்பனிடம் நீட்டிவிட்டுப் பையைப் பிரித்தான். "அங்கிள், இதைப் போட்டா எத்தினை ஹோர்ஸ்பவர் வரும்?"

தகப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார்.